ரோஜாப்பூவுக்குக் கல்யாணம்

1

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரோஜாப்பூ வந்து விழுந்தது. அனுப்பியது என் அண்ணன். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் மகள் ஷிஃபானாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் நிறைந்ததற்கு வாழ்த்தாம். இடது பக்கம் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வலது பக்கம், பெண் நிற்க வேண்டிய இடத்தில், பனித்துளி சொட்டச் சொட்ட ஒரு சிவப்பு ரோஜா. கீழே மாஷா அல்லாஹ், பலூன், கேக்கு.

மஸ்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக்கையோடு போனை எடுத்துப் பார்த்தேன். சுர்ரென்று ஏறியது. அப்புறம் அடுப்பிலேற்றிய சோறு குழைந்தது கூடத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் சிலவற்றில் கல்யாண பேனரில் பெண்ணின் போட்டோவைப் போடமாட்டார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. என் கல்யாணத்திலும் போடவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்சந்தியில் நம் முகம் வெயிலில் காய வேண்டாம் என்று நினைப்பது ஒருவர் இஷ்டம். ஆனால் முகம் வேண்டாம் என்பது வேறு, ஆளே வேண்டாம் என்பது வேறு. அந்த இடத்தில் ஒரு பூவை ஒட்டி, "மணமக்களை வாழ்த்துகிறோம்" என்று எழுதுகிறார்களே, மாப்பிள்ளை யாரைக் கட்டிக்கொண்டு போகிறார்? பூவா நாளைக்கு இடியாப்பம் பிழியப் போகிறது?

சரி, கோபம் பூவின்மேல் இல்லை. என் அண்ணன் மகள் கை நிறைய வித்தை உள்ளவள். ஒரு வருடமாக அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. போடக்கூடாது என்று ஒரு மண்டபமே கூடி முடிவு செய்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2

எல்லாவற்றுக்கும் காரணம் அனிமே. ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் தொடர்கள், படங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர்: பொம்மப் படம். நாற்பதை நெருங்குகிறேன், இன்னும் பார்க்கிறேன். இதைச் சொன்னால் மஸ்கட் தமிழ்ப் பெண்கள் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அவர்கள் இரவெல்லாம் மாமியார் மருமகள் சீரியல் பார்த்துவிட்டு வந்து அந்தச் சிரிப்பைச் சிரிப்பார்கள்.

சின்ன வயதில் அது அனிமே என்றோ ஜப்பான் என்றோ எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்தால் டிவி. பாலைவனத்தில் ஊர் ஊராகப் போய்க் கிணறு தோண்டுகிற ஒரு பெண், அவள் கூடவே வரும் பேசுகிற பெருச்சாளி. இதுதான் தொடர். தமிழிலேயே பேசும். அந்தப் பெண் பேசியது செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ். பெருச்சாளி பேசியது எங்கள் தமிழ். "இன்னாம்மா, காலைலேர்ந்து தோண்டிக்கினே கீற, சொட்டுத் தண்ணி காணோம்?" என்று அது கேட்டதும் அண்ணனும் நானும் துள்ளிக் குதித்தோம். டிவியில் முதன்முதலாக எங்கள் வீட்டுப் பேச்சு! பெரியவளான பிறகுதான் அது உறைத்தது. கதாநாயகிக்கு நல்ல தமிழ், பெருச்சாளிக்கு எங்கள் தமிழ். அந்தத் தமிழ் வசனம் எழுதியவர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். அதே வாயால் அவருக்கு நன்றியும் சொல்வேன்.

அண்ணன் பெருச்சாளிக் குரலை அப்படியே பேசுவார். கடைக்கு வந்த ஒரு பெரியவரிடம் அந்தக் குரலில், "அண்டா வோணுமா, குண்டா வோணுமா?" என்று கேட்டு அத்தாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், முதுகில் வாங்கினார். இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு அந்த அண்ணன்தான் பொம்மப் படம் என்று உதட்டைப் பிதுக்குகிறார்.

அத்தா கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைச் சந்தைக்குப் பாத்திரம் கொண்டுபோவார். லீவு நாட்களில் வேனில் நாங்களும் ஏறிக்கொள்வோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது மேகம் கீழே இறங்கி ரோட்டை மறைக்கும். நின்று பார்க்கத் தோன்றும். மழை பெய்வதை, இலை ஆடுவதை, ஒருத்தி சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை எல்லாம் நிதானமாகக் காட்டுகிற படங்களைப் பார்த்து வளர்ந்த கண் அது. சினிமா பார்த்திருந்தால் அந்த மலையில் டூயட் பாட ஆள் தேடியிருப்பேன். அனிமே பார்த்ததால், வாங்கிய குண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோடே இல்லாத சரிவில் இறங்கிப் போகும் மலைக்காரப் பெண்ணையும் பார்த்தேன். அவள் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன். பொம்மைப் படம் எனக்குக் கொடுத்தது இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கிற புத்தி. அது தப்பா?

3

கல்யாணமாகி மஸ்கட் வந்தபோது பேச ஆளில்லை. கணவர் உதிரிபாகக் கம்பெனிக்குப் போய்விடுவார். டிவியைப் போட்டால் என் பெருச்சாளி! அரபியில் பேசுகிறது! அழுதுவிட்டேன். கதை முழுக்கத் தெரியும் என்பதால் அரபியும் மெல்ல ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தத் தொடர்களில் பேசுவது ஏட்டு அரபி. அது தெரியாமல் காய்கறிக் கடையில் போய் அப்படியே பேசினேன். "ஓ வணிகரே, எனக்குத் தக்காளி தந்தருள்வீராக" என்று கேட்ட மாதிரி இருந்திருக்கும். கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் என்னைக் கண்டால் "வாருங்கள் இளவரசியே" என்கிறார்.

என் மகள் ஹனாவுக்கு இதெல்லாம் வெட்கக்கேடு. அவளும் அனிமே பார்க்கிறாள், ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில எழுத்து ஓட, காதில் ஹெட்போனோடு. நான் தமிழில் போட்டால், "மம்மி, செம கிரிஞ்ச்" என்று எழுந்து போய்விடுவாள். ஜப்பான் மொழியில் பத்து வார்த்தை தெரியும், தமிழில் கோபப்படத் தெரியாது. சண்டை வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறாள். பெற்ற மகளோடு ஒழுங்காகச் சண்டை போட முடியாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையா?

அந்தக் குறையைத் தீர்த்தவள் ஷிஃபானா. லீவில் ஊருக்குப் போகும்போது என் மடியில் உட்கார்ந்து அனிமே பார்த்த குழந்தை. பார்த்ததை உடனே காலண்டர் தாளின் முதுகில் வரைவாள். வளர்ந்ததும் திரைமேல் பேனாவால் வரைகிற டேப் ஒன்று வாங்கி அனுப்பினேன். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இங்கே நான், அங்கே அவள், போனில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒரே நேரத்தில் ஒரே படத்தை ஓட விடுவோம். பேசுவதைவிடச் சேர்ந்து மௌனமாக இருப்பதுதான் அதிகம். இடையில் "மாமி, அந்தக் கைய பாரேன், எப்டி போட்டுக்கிறான்!" என்பாள். எங்கள் வீடுகளில் அத்தையை மாமி என்போம். கை வரைவதுதான் ரொம்பக் கஷ்டமாம். அவளுக்கு எல்லாமே கைதான்.

அவள் கல்யாணத்துக்கு நான் போகமுடியவில்லை. குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் என் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டது. கவுன்ட்டரில் வெள்ளை அங்கியில் ஒரு அதிகாரி, கல் முகம். மேஜையில் வைத்திருந்த என் போன் ஒளிர்ந்தது. திரையில் ஷிஃபானா வரைந்த பெருச்சாளி. அவர் குனிந்து பார்த்தார். கல் உருகியது. அந்தத் தொடரின் பாட்டை அரபியில் முணுமுணுத்தார். நான் தமிழில் முணுமுணுத்தேன். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள்.

"யார் வரைந்தது?" என்று கேட்டார்.

"என் அண்ணன் மகள். அவள் கல்யாணத்துக்குத்தான் போகணும்."

"மீசையைச் சரியாகப் போட்டிருக்கிறாள். என் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றார். பிறகு கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தை மறுபடி கல்லாக்கிக்கொண்டார். "சிஸ்டம் இல்லை. நாளைக்கு வாருங்கள்."

மறுநாளும் சிஸ்டம் இல்லை. அனிமே இரண்டு தேசத்தைச் சேர்க்கும், ஆனால் ஒரு முத்திரையை அடிக்க வைக்காது.

4

மாப்பிள்ளை திருக்கோவிலூர். மொபைல் கடை. பெண் பார்த்த பிறகு அவர் ஷிஃபானாவிடம் பேசிய முதல் விஷயமே அனிமேதான். "மாமி, அவரும் பாக்கறாராம்!" என்று அவள் கத்திய கத்தலில் என் காது அடைத்தது. அதனால்தான் சரி என்றாள்.

பேனர் விஷயம் வந்தபோது அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போட்டோதானே கூடாது? மாப்பிள்ளையையும் தன்னையும் அனிமே உருவமாக வரைந்தாள். பெரிய கண்கள், காற்றில் பறக்கும் தலைமுக்காடு, கையில் வரைகிற பேனா. பின்னால் மேகம் இறங்கிய கல்வராயன் மலை. யாரும் அதைப் பார்த்து இன்னார் என்று சொல்லமுடியாது, ஆனால் ஆள் இருக்கிறாள். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பூவுக்கு இது தேவலாம்" என்றார். நான் இங்கே துள்ளினேன்.

படம் செல்வம் கடைக்குப் போனது. செல்வம் நல்ல மனிதர். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி என்று ஊரின் எல்லா பேனரும் அவர் கைதான். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பார். அங்கேதான் வந்தது வினை.

கல்யாணத்தன்று அண்ணன் மனைவி, எங்கள் மச்சி, வீடியோவில் மண்டபத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். வாசல் வந்தது. பேனர் வந்தது. நான் போனைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

அனிமே உடம்பு அப்படியே இருந்தது. பறக்கும் முக்காடு இருந்தது. அதற்கு நடுவில் ஷிஃபானாவின் நிஜ முகம். பரீட்சைக்காக எடுத்த போட்டோ, கண் கொட்டாமல் முறைக்கிறது. மண்டபத்து வாசலில், பஸ் போகிற ரோட்டைப் பார்த்து, ஆளுயரத்துக்கு மேலே. மலையைக் காணவில்லை. அந்த இடத்தில் தாஜ்மஹால்.

"செல்வம், இன்னாப்பா இது?" அண்ணன் குரல் உடைந்து கேட்டது.

"கோச்சிக்காதீங்க பாய். பொண்ணு மூஞ்சே இல்லாம பொம்ம மாரி கீதேன்னு பாத்தன். பாப்பா நம்ம கடைலதான் பரிச்சைக்குப் போட்டோ எடுத்திச்சி. சிஸ்டத்துல இருந்திச்சி, நானே ஒட்டிட்டன். மல டல்லா இருந்திச்சா, அதையும் மாத்திட்டன். நல்லதுக்குத்தான் பாய் செஞ்சன்."

வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு உதவி நடக்காது. யாரும் சொல்லாமல், ஆசையாக, தானே முன்வந்து ஒரு குடும்பத்தின் மானத்தில் தாஜ்மஹாலை ஒட்டியிருக்கிறார்.

5

பேனரைக் கிழித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் ஒன்றும் சொல்லவில்லை. "அறியாம செஞ்சது, உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எகிறியதெல்லாம் மற்றவர்கள்தான். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பொண்ணு பொம்ம போடுதுன்னு பெருமையா சொன்னீங்களே, அதான் இப்ப ரோட்டுல நிக்குது! எங்க வூட்டுக்கு வந்து இதெல்லாம் பண்ணா நல்லா இருக்காது, சொல்லிட்டன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஒட்டியது செல்வம். படம் வரைந்தவள் முகமே வேண்டாம் என்று வரைந்தவள். ஒருவருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் அண்ணன் சபை நடுவில் நின்று கைகூப்பினார். "இனிமே அவ இத தொடமாட்டா. நான் பொறுப்பு."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஷிஃபானா திரை விலகிய இடைவெளியில் மாப்பிள்ளையைப் பார்த்தாள். வீடியோவில் எனக்கு அது தெரிந்தது. அனிமே பேசியே பெண்ணின் மனதைப் பிடித்த அந்த வீரர் தன் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு போன் திரையைப் பார்த்து நான் கத்தினேன். மச்சி அதற்குள் போனைப் பையில் போட்டுவிட்டார். என் குரல் எங்கோ கைப்பைக்குள், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் கத்திக்கொண்டிருந்தது.

மறுநாளே டேப் அண்ணன் கடை பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. நான் கூப்பிட்டுச் சண்டை போட்டேன்.

"நீ அங்க ஏசில உக்காந்துக்கினு பேசுவ. கல்யாணம் நின்னு போயிருந்தா இன்னா பண்ணிருப்ப?"

"அதான் முடிஞ்சிதே ணா. இப்ப குடுக்க வேண்டிதான?"

"வாக்கு குடுத்துட்டன். பொம்மதான போட வேணாம்னேன். சோறு துன்ன வேணாம்னா சொன்னேன்?"

"நீயும்தான் பெருச்சாளி மாரி பேசிக்கினு திரிஞ்ச!"

கட் செய்துவிட்டார்.

சோறு தின்பது மாதிரிதான் அவளுக்கு அது என்று இந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? வெள்ளிக்கிழமைகளில் கூப்பிட்டால் முதலில் "வேல கீது மாமி" என்றாள். பிறகு "தலவலி" என்றாள். ஒருநாள், "பாக்கவே புடிக்கல மாமி. அந்தக் கையெல்லாம் பாத்தா எனக்கு என்னமோ பண்ணுது" என்றாள். அன்றைக்கு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆத்திரத்தில் அழுதேன். சின்ன வயதிலிருந்து பிடித்த ஒன்று ஒருத்திக்குப் பிடிக்காமல் போவது தானாக நடக்காது. யாரோ மெனக்கெட்டு அதைச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே.

6

இந்த வாரம் அண்ணன் குழுவில் இன்னொரு பேனரைப் போட்டார். எலவனாசூர்கோட்டையில் அவருடைய வியாபார நண்பர் வீட்டுக் கல்யாணம். கூடவே அவர் குரல்: "பாருங்க, எவ்ளோ கண்ணியமா பண்ணிக்கிறாங்க. போட்டோவும் இல்ல, பூவும் இல்ல, பாக்க லட்சணமா கீது. இது மாரி செய்யணும்."

திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை போட்டோ. பக்கத்தில், பறக்கும் முக்காட்டோடு, பெரிய கண்களோடு, வரைந்த ஒரு பெண்.

ஷிஃபானாவின் பெண். முக்காட்டின் நிறம் மட்டும் பச்சையாகியிருந்தது. கையில் பேனா இல்லை.

மச்சிக்குப் போன் போட்டேன். "ஐயே, இது ஊரு பூரா கீதேம்மா" என்றார் சாதாரணமாக. "செல்வம் கடைல இப்பல்லாம் நம்மாளுங்க கல்யாணம்னா ரோசாப்பூ போடறதில்ல, இததான் போடறான். எல்லாருக்கும் புடிச்சிக்கிது."

எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம்! வரைந்தவள் மட்டும் வரையக்கூடாது. அவள் வரைந்த பெண் ஊர் ஊராகப் போய் மண்டப வாசலில் நிற்கலாம். அந்தப் பெண்ணின் கீழே யார் யாரோ பெயர் இருக்கிறது, அவள் பெயர் எங்கேயும் இல்லை. பெற்ற தகப்பன் அதைப் பார்த்து லட்சணம் என்கிறார், தன் மகள் கோடு என்று தெரியாமல். அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்த அதே படம்தான், முக்காடு பச்சையானதும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை; அவள் வரையும்போது ஒரு தடவை கூட உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குழுவில் போடுவதற்கு நீளமாக எழுத ஆரம்பித்தேன். மாமா, மச்சான், கடைக்காரர், ஷூ பார்த்த மாப்பிள்ளை, ஒருவரையும் விடவில்லை. அதைப் போட்டிருந்தால் எனக்கும் ஊருக்கும் இருக்கிற உறவு அன்றோடு சரி.

அதை அனுப்புவதற்குள் ஷிஃபானாவே கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் பஸ் இரைச்சல்.

"மாமி, அத்தா போட்ட பேனர பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் எரிஞ்சிக்கினு கீறன். இரு, குரூப்புல நாலு வார்த்த..."

"அத உடு மாமி. கைய பாத்தியா? பெருசு பண்ணிப் பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். பேனாவை அழித்தபோது செல்வம் அதைப் பிடித்திருந்த கட்டைவிரலையும் சேர்த்து அழித்திருந்தார். மீதி விரல்கள் ஒன்றையும் பிடிக்காமல் மடங்கி நின்றன.

"கட்ட வெரல காணோம் மாமி!" அவள் குரலில் கோபம்தான். அழுகை இல்லை. "அந்தக் கைய எத்தினி தபா அழிச்சி அழிச்சி போட்டன் தெரியுமா? ஊரு பூரா அவ கட்ட வெரல் இல்லாம நிக்கறா. ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல!"

"செல்வத்துக்கிட்ட சொல்லிச் சரி பண்ணச் சொல்லட்டுமா?"

"அவரு இன்னாத்த சரி பண்ணுவாரு? நான்தான் போடணும்."

"டேப் உங்கத்தா பீரோல கீது. இரு, நான் பேசறன்."

"நீ பேசாத மாமி. நீ பேசனா உன் சண்டையா பூடும்."

"எங்கடி கீற இப்ப?"

"தியாகதுருகம் தாண்டிட்டன், கள்ளக்குறிச்சி வந்துடும்."

"மாப்ளகிட்ட சொன்னியா?"

"திரும்பி வந்து சொல்லிக்கறன்" என்று வைத்துவிட்டாள்.

நான் எழுதிவைத்திருந்ததை முழுக்க அழித்தேன். குழுவில் அண்ணன் போட்ட பேனருக்குக் கீழே மாஷா அல்லாஹ்க்களும் பூங்கொத்துகளும் வந்துகொண்டே இருந்தன. அவற்றின் நடுவில், மாமாக்களும் மச்சான்களும் மாப்பிள்ளையும் பார்க்க, ஷிஃபானாவின் செய்தி வந்தது.

"அது நான் வரஞ்சது அத்தா. கை தப்பா கீது, சரி பண்ணணும். பீரோ சாவிய எடுத்து வைங்க. கடைலயே இருங்க, வந்துக்கினு கீறன்."